கொடியைக் கொத்தாதீர்கள்

பள்ளிவாசல் முற்றத்தில் டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. வெள்ளை நிறத்தில் பொன் கோடு ஓடும் வகை. வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகள் மனமுவந்து அனுப்பிய காசு. மிஹ்ராபைச் சுற்றியுள்ள பழைய பூச்சைக் கொத்திவிட்டு இவற்றை ஒட்டப்போகிறார்கள். அந்தப் பூச்சில் ஒரு கொடி இருக்கிறது. இரு பக்கமும் ஒவ்வொரு கிண்டியிலிருந்து எழுந்து, வளைந்து வளைந்து ஏறி, மேலே ஒரு பூவில் வந்து சந்திக்கும் சுண்ணாம்புச் சாந்துக் கொடி. காவியும் பச்சையும் தீட்டிய தடம் இடுக்குகளில் இன்னும் தெரிகிறது. அதைப் பெரிய கலைப் படைப்பு என்று சொல்ல நான் வரவில்லை. இடப்பக்கக் கொடியில் ஒரு வளைவு குறைவு. செய்தவர் கணக்குத் தவறிக் கடைசியில் ஒரு மொட்டை வைத்துச் சமாளித்திருக்கிறார். சிறுவயதில் ஓதப்போய் உட்கார்ந்திருந்தபோது அந்த மொட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கொடிக்காக நான் இரண்டு பேருடன் வழக்காட வேண்டியிருக்கிறது. ஒருவர் நிர்வாக சபைப் பெரியவர். "மாஸ்டர், உங்களுக்குப் படம் காட்டிப் படிப்பிக்கிறது தொழில். பள்ளி தொழுற இடம். பூவையும் கொடியையும் பார்த்துக்கொண்டா தொழுறது?" என்றார். மற்றவர் நகரத்தில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசிய நவீனக் கவிஞர். முஸ்லிம்களிடம் ஓவிய மரபு இல்லை, இருப்பதெல்லாம் அலங்காரம்; அலங்காரம் என்பது சுவரை நிரப்பும் வேலை, அதைக் கலை என்று கொண்டாடுவது தாழ்வுச் சிக்கல் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். தேநீர் குடிக்கும்போது என் கொடியின் கதையைச் சொன்னேன். சிரித்தார். "போனால் போகட்டும், அது அசல்கூட இல்லையே, எங்கேயோ பார்த்துச் செய்ததுதானே" என்றார். இந்த இருவரும் ஒருவரையொருவர் ஒருபோதும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் மேசனின் கையில் சுத்தியலைக் கொடுக்கும் இடத்தில் இருவரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள்.

முதலில் கவிஞருக்கு. அவர் அன்று தன் பேச்சில் ஐரோப்பிய மறுமலர்ச்சியைத்தான் உரைகல்லாக வைத்தார். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளும் மறுமலர்ச்சி என்றால் லியனார்டோ, மைக்கல் ஆஞ்சலோ, ரபாயேல் என்று மூன்று பெயரை மனனம் செய்து புள்ளி வாங்கிவிடுகிறார்கள். அதே ரபாயேல் கடைசிக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கவிஞரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கி.பி. 64இல் றோம் நகரம் எரிந்தபின் நீரோ மன்னன் தனக்கு ஒரு பொன்மாளிகை கட்டினான். அதன் சுவர்களையும் கூரைகளையும் ஓவியங்களாலும் சாந்து வேலையாலும் நிறைத்தார்கள். ஃபமுலஸ் என்ற ஓவியனின் வேலைகள் எல்லாம் அந்த மாளிகைக்குள்ளேயே சிறைப்பட்டுப் போயின என்ற பொருள்பட பிளினி எழுதியிருக்கிறார். நீரோ 68இல் செத்தான். பின்வந்தவர்கள் அவன் பெயரையே மண்ணுக்குள் போட நினைத்து மாளிகையை நிரவினார்கள். அதன் ஒரு பகுதிக்கு மேலே திராஜன் பொதுக் குளிப்பு மண்டபம் எழுப்பினான். மண் நிரவியதால் சுவர்கள் தப்பின. சுமார் 1480ஆம் ஆண்டளவில் அந்த மேட்டில் துளைகள் விழுந்தன. ஓவியர்கள் கயிற்றில் தொங்கி இறங்கினார்கள். அறைகள் கூரைவரை மண்ணால் நிரம்பியிருந்ததால், இறங்கியவர்கள் கூரைக்கு மிக அருகில் தவழ்ந்துகொண்டு தீப்பந்த வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்தார்கள். அது நீரோவின் மாளிகை என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. தீத்துவின் மாளிகை என்றே நினைத்தார்கள். குகை என்பதற்கு அவர்கள் பாஷையில் குரோத்தா. அங்கே கண்ட வேலைப்பாட்டுக்குக் குரோத்தெஸ்க் என்று பெயர் விழுந்தது. 1502இல் சியெனாப் பேராலய நூலகத்தின் கூரையைத் தீட்டப் பிந்துரிக்கியோவுடன் செய்த ஒப்பந்தத்திலேயே இந்தச் சொல் வந்துவிட்டது.

அவர்கள் இறங்கிப் பார்த்தது என்ன? போர்க்களமா, அரசர் முகமா? கொடி. மெல்லிய தண்டிலிருந்து முளைக்கும் பூ, பூவிலிருந்து எட்டிப் பார்க்கும் அரை உருவம், நாணலைத் தூணாக நிறுத்திய விமானம், விளக்குத்தண்டு, முகமூடி, பறவை, தோரணம். கவிஞர் சுவரை நிரப்பும் வேலை என்றாரே, அதே வேலை. அதைப் பார்க்கத்தான் தவழ்ந்து போனார்கள். பார்த்தவர்கள் சுவரில் தங்கள் பெயரையும் கீறிவிட்டு வந்தார்கள். ஜியோவன்னி டா உதினே என்ற ஓவியரின் பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. சிகிரியாவின் பளிங்குச் சுவரில் நம் நாட்டார் கீறிவைத்ததும் இப்படித்தான். பரணவிதான 1956இல் அந்தக் கீறல்களிலிருந்து 685 பாடல்களைப் பதிப்பித்தார். நல்ல சுவரைக் கண்டால் பெயர் எழுதாமல் வர மனிதனால் முடிவதில்லை போலும்.

இந்த ஜியோவன்னியும் ரபாயேலும் ஒன்றாகவே அந்தப் பாதாள அறைகளைப் பார்த்து அசந்துபோனார்கள் என்று வசாரி எழுதுகிறார். திரும்பி வந்து 1517 முதல் 1519 வரை வத்திக்கான் மாளிகையின் நடைகூடத்தை நிறைத்தார்கள். மேலே வேதக் கதைகள். தூணிலும் சுவரிலும் வளைவிலும் கொடி, கனி, பறவை, சாந்துப் புடைப்பு. கவிஞர் கேட்பார்: பார்த்துச் செய்ததுதானே? ஆம், பார்த்துச் செய்ததுதான். ஆனால் எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பழைய சாந்து ஏன் அவ்வளவு வெள்ளையாகவும் நொய்மையாகவும் இருக்கிறது என்று ஜியோவன்னிக்குப் புரியவில்லை. றோமில் கிடைக்கும் எரிமலை மண்ணைச் சுண்ணாம்புடன் கலந்து பார்த்தார், நிறம் மங்கியது. திரும்பத் திரும்பக் கலந்து பார்த்துக் கடைசியில் வெண் பளிங்கைப் பொடியாக்கிச் சுண்ணாம்பில் சேர்த்தபோது கைகூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் மறந்துகிடந்த ஒரு கைப்பக்குவத்தைச் சட்டியும் கரண்டியுமாக உட்கார்ந்து மீட்டவர் அவர். படத்தை மட்டும் பிரதி பண்ணியிருந்தால் இந்தப் பாடு தேவையில்லை.

இன்னொன்று. 1518ஐ ஒட்டி, இன்று ஃபார்னெசினா என்று அழைக்கப்படும் மாளிகையின் கூரையில் ஜியோவன்னி தீட்டிய பழத் தோரணங்களைத் தாவரவியலாளர்கள் ஆராய்ந்து 160க்கு மேற்பட்ட செடியினங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அவற்றில் சோளமும் இருக்கிறது, நாங்கள் பொரித்தும் அவித்தும் தின்னும் அதே சோளம். கொலம்பஸ் அமெரிக்காவில் கால் வைத்து அப்போது 26 வருடம்தான். நீரோவின் ஓவியன் கண்ணால் கண்டிராத பயிர், நீரோவின் சுவரிலிருந்து கற்ற தோரணத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மரபைக் கற்றவன் இப்படித்தான் தன் சந்தையில் கிடைத்ததை அதற்குள் செருகுவான். என் ஊர்க் கொடியின் இலையைப் பாருங்கள். அது எந்த அரபு நாட்டு இலையும் இல்லை. முற்றத்து வேலியில் படரும் அவரை. அவரை இலையை மிஹ்ராபில் ஏற்றிய அந்தப் பெயர் தெரியாத மேசனுக்கும் உதினே ஊர்க்காரருக்கும் இடையே திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கலாம். செய்த காரியம் ஒரே வகைதான்.

இந்த வேலை கலையாகாது என்று சொன்ன முதல் ஆள் எங்கள் கவிஞரும் அல்லர். நீரோவுக்கு முந்திய விட்ருவியஸ், நாணல் எப்படிக் கூரையைத் தாங்கும், தண்டிலிருந்து எப்படி அரை மனிதன் முளைப்பான், இல்லாததை ஏன் வரைகிறீர்கள் என்று கோபித்து எழுதினான். 1582இல் பொலோஞ்ஞாவின் கர்தினால் பலெயோத்தி, கோவிலுக்குள் இந்தக் குரோத்தெஸ்க் கூடாது என்று பல அத்தியாயங்கள் எழுதினார். தர்க்கத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒருவர், வணக்கத்துக்குப் பொருந்தவில்லை என்று மற்றவர். என் இரண்டு எதிராளிகளும் இத்தாலியில் அப்போதே இருந்திருக்கிறார்கள். பின்னாளில் ஐரோப்பியர் ரபாயேலின் இந்தப் பின்னல்களுக்கு வேறொரு பெயரும் வைத்தார்கள்: அரபெஸ்க், அதாவது அரபுப் பாணி. கெதே 1789இல் இந்தத் தலைப்பில் எழுதியபோது அவர் பேசியது பொம்பேயின் சுவர்களையும் ரபாயேலின் நடைகூடத்தையும் பற்றித்தான். முஸ்லிம்களிடம் உள்ள அலங்காரம் கலையாகாது என்கிறவர், றோமனின் வேலைக்கே ஐரோப்பியன் நம் பெயரை வைத்த இந்த வேடிக்கைக்கு என்ன சொல்வார்?

இனிப் பெரியவருக்கு. நான் ஆலிம் அல்லன், பத்வா சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவர் பக்கத்து நியாயத்தை மறைக்கவும் மாட்டேன். பள்ளிவாசலைக் கட்டும்போது சிவப்பும் மஞ்சளும் பூசி மக்களின் கவனத்தைக் குலைக்காதே என்று உமர் (ரலி) எச்சரித்த செய்தி புகாரியில் இருக்கிறது. அதே புகாரியில், உருவம் வரைந்து பிழைக்கும் ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி), வரைந்தே ஆகவேண்டுமானால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரை என்று சொன்ன செய்தியும் இருக்கிறது. இந்த இரண்டு வாக்குக்கும் நடுவில் நம் முன்னோர் எப்படி நடந்தார்கள் என்பதற்குச் சாட்சி திமிஷ்கில் நிற்கிறது. கலீபா வலீத், 715 அளவில் முடித்த உமையாப் பெரிய பள்ளிவாசல். அதன் முற்றத்துச் சுவர்களில் வண்ணக் கண்ணாடிச் சில்லுகளால் ஆறு, பெருமரங்கள், மாடங்கள், தூண் மண்டபங்கள். றோமச் சுவர் ஓவியங்களில் காணும் அதே வகைக் கட்டடக் காட்சிகள் என்று கலை வரலாற்றாசிரியர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அத்தனை பெரிய சுவரில் ஒரு மனிதன் இல்லை, ஒரு விலங்கு இல்லை.

தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதே உமையாக்கள் ஜோர்தான் பாலைவனத்தில் கட்டிய குஸைர் அம்ரா என்ற குளிப்பகத்தின் சுவர்களில் வேட்டை, ஆடல், அரசர் அறுவர், கூம்பிய கூரையில் இராசி மண்டலம் என்று எல்லா உருவமும் ஈரச் சுண்ணாம்பில் தீட்டப்பட்டிருக்கின்றன. அதைக் கட்டுவித்தவர் இளவரசர் வலீத் பின் யஸீத் என்பது 2012இல் வெளிப்பட்ட எழுத்தால் உறுதியானது. 743இல் கலீபாவாகும் முன்னர் கட்டியது. குளிப்பகத்துக்கு ஒரு வழக்கு, பள்ளிக்கு ஒரு வழக்கு. றோமனின் சுவரிலிருந்து எடுக்கவும் தெரிந்தது, எதை எங்கே விடவேண்டும் என்றும் தெரிந்தது. ரபாயேலுக்கு ஏறத்தாழ 800 ஆண்டுகள் முந்தி. கீழக்கரைப் பழைய பள்ளிவாசலின் கல் தூண்களில் தமிழ்ச் சிற்பிகள் பூவும் கொடியும் மட்டும் செதுக்கி உருவத்தை விட்டதும் இந்த வழக்கில்தான். என் ஊர் மேசன் திமிஷ்கைக் கேள்விப்பட்டிருப்பாரோ தெரியாது. பக்கத்துக் கோவில் மண்டபத்துத் தூணில் அதே கொடி இருக்கிறது, அங்கே கொடிக்குள் கிளியும் இருக்கிறது. பள்ளிக்கு வந்தபோது கிளியை விட்டுவிட்டார்.

பெரியவரிடம் ஒன்றைக் கேட்டேன். கவனம் கலையும் என்றால், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் பொன்கோட்டு டைல்ஸில் கலையாதா? மின்விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் கூசுமே, மங்கிய சுண்ணாம்புப் பூ கூசுமா? உமர் (ரலி) சொன்ன வாக்கு எதற்குப் பொருந்தும்? அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அது துடைக்க லேசு" என்றார். உண்மையான காரணம் அதுதான். அதை நான் மதிக்கிறேன். மார்க்கத்தை அதற்குச் சாட்சிக்கு அழைக்காமல் இருந்தால் இன்னும் மதிப்பேன்.

நம் நாட்டிலேயே பழைய சுவரிலிருந்து புதிய சுவரை உண்டாக்கியவர்கள் இருக்கிறார்கள். களனி விகாரையின் புதிய பகுதியைத் தீட்டும் முன் சோலியஸ் மெண்டிஸ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு அஜந்தாவைப் பார்த்துவந்தார். 1930களிலும் 40களிலும் அந்தக் கோட்டைக் களனியில் கொண்டுவந்து இறக்கினார். வரைந்த கதைகளோ இலங்கைக் கதைகள். வெள்ளரசுக் கிளையுடன் சங்கமித்தை வந்திறங்கும் காட்சி அவற்றில் ஒன்று. இறங்கிய துறை மாதகல் பக்கத்து ஜம்புகோளம் என்பார்கள். எங்கள் குடாநாட்டுக் கரை அங்கே சுவரில் இருக்கிறது. பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீற் 1939, 40இல் தீட்டியபோது அஜந்தாவின் கோட்டில் பிக்காசோவையும் கலந்தார்.

அந்த அஜந்தாவைப் பார்க்கும்படி காத்துக் கொடுத்தவர்கள் யார்? ஹைதராபாத் நிஸாமின் அரசு. அதன் தொல்லியல் துறைக்குத் தலைவர் குலாம் யஸ்தானி. அஜந்தாவை 1930 முதல் 1955 வரை நான்கு பாகங்களாகப் பதிப்பித்தவர். 1909 முதல் 1911 வரை ஹெரிங்ஹாம் அம்மையார் அங்கே பிரதி எடுத்தபோது கூட வேலை செய்த ஓவியர்களில் நந்தலால் போஸுடன் சையத் அகமதும் இருந்தார். பின்னர் அந்தக் குகைகளின் காப்பாளராகவும் ஆனார். நிஸாம் 1920இல் இத்தாலியிலிருந்து நிபுணர்களை அழைத்து உதிரும் பூச்சை ஒட்டவைத்தார். அவர்கள் பூசிய மெருகு பின்னர் மஞ்சளாகிச் சங்கடம் தந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 1967இல் சிகிரியா ஓவியங்கள்மீது எவரோ பச்சைப் பெயின்ரை ஊற்றியபோதும் சுத்தம் செய்ய வந்தவர் லூசியானோ மராஞ்சி என்ற இத்தாலியர். தங்கள் புதைந்த சுவர்களை ஐந்நூறு வருடமாகப் பார்த்துப் பழகிய கை. பௌத்தரின் சுவருக்காக முஸ்லிம் ஆட்சியாளர் செலவழித்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை நம் சொந்தப் பள்ளிச் சுவருக்குக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது சுத்தியலுக்கு வருவோம். திமிஷ்க் பள்ளியின் சுவர் வேலையைப் பிற்காலத்தார் வெள்ளை பூசி மறைத்தார்கள். 1920களின் இறுதியில் அதைச் சுரண்டியபோது பராதா ஆறும் மரங்களும் நிறம் குன்றாமல் வெளியே வந்தன. தஞ்சைப் பெரிய கோவிலில் சோழர் ஓவியத்தின்மேல் நாயக்கர் காலத்தார் புதுப் பூச்சிட்டுத் தாங்கள் வரைந்தார்கள். 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி அடியில் இருந்ததைக் கண்டுபிடித்தார். அதே 1931இல்தான் இஸ்தான்பூலின் ஆயா சோபியாவில் பூச்சுக்கு அடியில் கிடந்த கிறிஸ்தவச் சில்லோவியங்களை வெளிக்கொணரும் வேலை தொடங்கியது. வெள்ளையடித்தவர்களையும் மேலே பூசியவர்களையும் நாம் திட்டுகிறோம். ஆனால் அவர்கள் அறியாமலே ஒரு போர்வை போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். டைல்ஸ் அப்படியல்ல. சீமெந்து பிடிக்கவேண்டும் என்பதற்காக மேசன் முதலில் பழைய பூச்சை உளியால் கொத்தி எடுப்பார். கொத்தியது தூளாகி முற்றத்தில் கொட்டப்படும். எந்த நிபுணர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் மீட்க எதுவும் இராது.

அந்தச் சுவருக்கே அது நல்லதும் அல்ல. எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். அதைச் சூளையில் சுட்டு, நீற்றிச் சாந்தாக்கிப் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி அது மறுபடியும் கல்லாகிறது. ஈரம் இருக்கும்போதே வைத்த நிறம் அந்தக் கல்லுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது; நீரோவின் சுவரும் குஸைர் அம்ராவும் நிலைத்தது இந்தச் சூட்சுமத்தால்தான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். நிலத்திலிருந்து ஏறும் உப்பு நீர் அதன் வழியாக வெளியேறும். மேலே சீமெந்தும் டைல்ஸும் அடைத்தால் உப்பு உள்ளேயே தங்கும், சில வருடங்களில் கல்லை அரிக்கும், டைல்ஸும் பொம்மிக் கழன்று விழும். ஊரில் திருத்தின பல வீடுகளில் இதைக் கண்டிருக்கிறோம்.

1990 ஒக்டோபரில் நாங்கள் இரண்டு மணி நேரத்தில் வெளியேறியபோது எனக்கு ஒன்பது வயது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து பார்த்தபோது பள்ளிக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகூட இல்லை. உள்ளே ஆமணக்கும் எருக்கும் ஆளுயரம் வளர்ந்திருந்தன. செடியை விலக்கிக்கொண்டு போனேன். கொடி இருந்தது. இருபது மாரி மழையும் அதன்மேல் நேராகப் பெய்திருக்கிறது. அந்த மொட்டுக்கூட இருந்தது.

நான் நிர்வாக சபைக்கு எழுத்தில் கேட்டிருப்பது இவ்வளவுதான்: மிஹ்ராபைச் சுற்றி ஒரு முழ அகலத்தை மட்டும் கொத்தாமல் விடுங்கள். அதற்கும் மனமில்லையானால் அந்த இடத்தில் டைல்ஸ் வேண்டாம், வெறும் சுண்ணாம்பால் இரண்டு தரம் வெள்ளையடித்து மூடிவிடுங்கள், கூலியை நான் தருகிறேன். எப்படியானாலும் கை வைக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவந்து மெல்லிய தாளில் அதன் கோட்டைப் படியெடுக்க விடுங்கள்.

பதில் இன்னும் வரவில்லை. மேசன் அடுத்த வாரம் வருகிறார். தாள் வாங்கி வைத்திருக்கிறேன்.